ஓகனின் கால்கள்

"தங்கச்சி, தைக்கேக்க உங்கட கால் தானாப் போகுமோ, இல்லாட்டி நீங்கள் நினைச்சு நினைச்சு மிதிக்கிறனீங்களோ?"

இராசையா அண்ணை இதை என்னிடம் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணி இருக்கும். நான் முன்னறையில் தையல் மெசினில் சுவரைப் பார்த்தபடி இருந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கால் மட்டும் நின்றுவிட்டது.

"சரி சரி, தையுங்கோ. சும்மா கேட்டனான்" என்று சிரித்துவிட்டு அவர் விறாந்தைக்குப் போய்விட்டார்.

அண்ணாவின் சிநேகிதர்கள் எங்கள் வீட்டுக்கு நிறைய வருவார்கள். நான் பதில் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும் என்னை அலுமாரியைக் கடந்து போவதுபோலக் கடந்து போகப் பழகிவிட்டார்கள். இராசையா அண்ணை மட்டும் ஒவ்வொரு முறையும் எதையாவது கேட்பார். பதில் வராததைப் பெரிதாக எடுக்கவும் மாட்டார். போகும்போது "போட்டு வாறன் தங்கச்சி, ஊசி கவனம்" என்பார். ஏழாம் வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்ன ரீச்சருக்கு அந்தக் குணம் கொஞ்சம் இருந்திருந்தால் நான் எட்டாம் வகுப்புக்கும் போயிருப்பேன்.

அண்ணாவின் பெயர் பாலசிங்கம். துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிற்றார் வாசிப்பார். இராசையா அண்ணையோடு சேர்த்து ஐந்து பேர். நங்கூரம் இசைக்குழு என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் விறாந்தையில்தான் ஒத்திகை. முன்னறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் கதவு இல்லை. ஒரு நீலச் சீலை தொங்கும். அதன் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. நான் இங்கே எழுதுவதெல்லாம் அந்த இடைவெளியால் பார்த்ததுதான்.

இராசையா அண்ணை கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவர். முப்பத்தெட்டு வயது. மூதூர்வரை சைக்கிளில் வந்து, லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து, ஜெற்றியிலிருந்து நடந்து வருவார். பின்னேர லோஞ்சைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒத்திகை பகலில்தான் நடக்கும். ஒரு பாட்டை ரேடியோவில் இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை வாசித்துவிடுவார். பதினாலு வயதிலிருந்து நாடகங்களுக்குக் கால் ஆர்மோனியம் வாசித்தவர். கதிரையில் இருந்து, இரண்டு காலாலும் மிதித்து மிதித்துக் காற்றைக் கொடுத்துக்கொண்டே வாசிக்கிற பெட்டி அது. மிதிப்பு நின்றால் சத்தம் நின்றுவிடும். போன மாரியில் அதன் துருத்தியை எலி தின்றுவிட்டது. அதற்காக அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "எலிக்கு நல்ல சங்கீத ஞானம். சுருதி பிசகின இடமாப் பாத்துத்தான் கடிச்சிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஓகன் வந்தது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் யாரோ வெள்ளைக்காரப் பாட்டுக்காரன் விட்டுவிட்டுப் போன மின்சார ஓகன்; ஆர்மோனியம் போலக் கட்டைகள், ஆனால் காற்றுக் கொடுக்கத் தேவையில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்தவரும், அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவரும், பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் வைத்துக் கொண்டுவந்தவரும் இராசையா அண்ணைதான். கொண்டக்டர் அதற்கும் ஒரு ரிக்கற் எழுதினாராம். பெட்டி நன்றாக இருந்தது. அதற்குக் கீழே பூட்டுகிற நான்கு கால்களைத்தான் காணவில்லை. ஹோட்டல் தோட்டத்தில் ஒரு கால் தக்காளிச் செடிக்கு முண்டுகொடுத்து நின்றது. மற்ற மூன்றும் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. எழுபத்தைந்தாம் ஆண்டு அது. கப்பலில் மாவும் சீனியும் வருவதே பெரிய பாடு. ஓகனுக்குக் கால் எங்கே வரும்?

முதலில் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். மேசையின் இழுப்பறை அவருடைய முழங்காலில் இடித்தது. பிறகு இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி மேலே பலகை போட்டார்கள். தாழ்ந்த சுரம் வாசிக்கும்போதெல்லாம் பீப்பாய்கள் சேர்ந்து முனகின. "எங்களுக்கு ஆறாவது ஆளும் கிடைச்சிட்டான்" என்றார் இராசையா அண்ணை. அண்ணா சிரிக்கவில்லை. சித்திரை மாதக் கடைசிச் சனிக்கிழமை துறைமுக விளையாட்டுக் கழகத்தின் பரிசளிப்பு. அதில்தான் ஓகனோடு முதல் கச்சேரி. அதற்கு இன்னும் ஐந்து ஞாயிறு இருந்தன.

அண்ணா ஸைனுலாப்தீன் நானாவிடம் போனார். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; இந்த நானாவுக்கு டவுனில் இரும்பு ஒட்டுகிற வெல்டிங் கடை இருந்தது. பழைய இரும்புக் குழாய்களை வெட்டி, கத்தரிக்கோல் விரித்ததுபோல இரண்டு பக்கமும் குறுக்காக ஒட்டி, கப்பலுக்குப் பூசி மிஞ்சிய சாம்பல் பெயின்ற் அடித்து ஒரு ஸ்டாண்ட் செய்துகொண்டுவந்தார். உண்மையில் வடிவான ஸ்டாண்ட். மடித்தால் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு போகலாம்.

"எத்தனை அங்குலம் நானா?" என்று அண்ணா கேட்டார்.

"முப்பத்தொம்பது. நிண்டு வாசிக்கிற உசரம். இதில யானை ஏறினாலும் அசையாது தம்பி."

"யானையை ஏத்திப்போட்டு நான் எங்க நிக்கிறது?" என்றார் இராசையா அண்ணை.

"அண்ணை, கொழும்பில எல்லாக் குறூப்பும் நிண்டுதான் வாசிக்கிறாங்கள். இருந்து வாசிச்சா பசனைக் கோஷ்டி மாதிரி இருக்கும்" என்றார் அண்ணா.

"ஓம், நிப்பம். வயலில நிக்கிறன்தானே."

நின்றார். வாசித்தார். சுரங்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தாளம் ஓடியது. மேளத்துக்கு முன்னால் ஓடும். பிறகு நின்று காத்திருக்கும். பிறகு மறுபடியும் ஓடும். ஒருகாலிலிருந்து மறுகாலுக்கு அவர் மாறி மாறிச் சாய, ஓகனும் சேர்ந்து ஆடியது.

"அண்ணை, நீங்கள் ஓடுறீங்கள்" என்றார் அண்ணா.

"நான் இஞ்சதானே தம்பி நிக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாண்ட் ஆடுவதால்தான் பிழை என்று முடிவாகி, அடுத்த கிழமை நானா இரண்டு குறுக்குக் குழாய்கள் வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஆட்டம் நின்றது, ஓட்டம் நிற்கவில்லை. மூன்றாம் கிழமை பத்து அங்குலம் வெட்டிக் குறைத்து, கதிரை போட்டு இருத்திப் பார்த்தார்கள். அப்போதும் ஓடியது. அந்த ஞாயிறு ஒருவரும் சிரிக்கவில்லை.

நாலாம் ஞாயிறு, மற்றவர்கள் போன பிறகு, இராசையா அண்ணை ஓகனைத் துணியால் மூடிக்கொண்டே சொன்னார். "பாலா, ஓகன் வாசிக்கிற அந்த மட்டக்களப்புப் பெடியனுக்குக் கடிதம் போட்டனீர் எண்டு கேள்விப்பட்டன்."

அண்ணா கிற்றாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். "ஒருக்காக் கேட்டுப் பாத்தனான் அண்ணை. அவன் நிண்டும் வாசிப்பான், இருந்தும் வாசிப்பான்."

"நல்லதுதானே. வாற ஞாயிறும் எனக்குச் சரிவராட்டி நான் பிறகு லோஞ்ச் ஏறமாட்டன். ஓகன் இஞ்சயே நிக்கட்டும். அதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அப்போதும் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் மூடிய துணியை மறுபடியும் ஒருமுறை எடுத்து, ஒரு கட்டையை மெல்ல அழுத்திப் பார்த்தார். மின்சாரம் நிறுத்தியிருந்ததால் சத்தம் வரவில்லை. பிறகு நேராக மூடிவிட்டு, "போட்டு வாறன் தங்கச்சி, ஊசி கவனம்" என்று சீலையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க எல்லோரும் அவருடைய கைகளைப் பார்த்தார்கள். நான் சீலை இடைவெளியால் பார்த்தது அவருடைய கால்களை. அன்று நான் தரையில் இருந்து விளிம்பு தைத்துக்கொண்டிருந்ததால் என் கண் உயரத்துக்கு அதுதான் தெரிந்தது. கதிரையின் கீழே அவருடைய பாதங்கள் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தன. குதிக்கால் எழும்பும், விரல் தரையைத் தடவும், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போகும். என் மெசினின் தோல்வார் அறுந்த நாளில் என் கால்களும் இப்படித்தான் செய்தன. அப்போதுதான் அவர் என்னிடம் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. அவருக்குத் தாளம் காதிலும் இல்லை, கையிலும் இல்லை. இருபத்துநாலு வருசமாக மிதித்த காலில் இருந்தது. ஓகனுக்குக் காற்றுத் தேவையில்லை. ஆனால் அவருக்கு மிதிக்க ஒன்று தேவை. இதை விளங்கிக்கொள்ள ஒரு தையற்காரி வேண்டியிருந்தது. விளங்கியதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

கடைசி ஞாயிறு காலை, அண்ணா கடைக்குப் போயிருந்த நேரம், மெசினின் தலையைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகளையும் தளர்த்தி, தலையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். தோல்வாரைக் கழற்றினேன். சில்லுக்கும் மிதிபலகைக்கும் எண்ணெய் விட்டேன். இரும்புக் கால்களோடு மேசையை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"உனக்கென்ன விசரோ? நாளைக்குக் குடுக்கிற சட்டையள் கிடக்கு!"

"ஒருக்கா அம்மா" என்றேன். அம்மா மறுபக்கத்தைப் பிடித்தா.

மெசின் தலை இருந்த ஓட்டையை மறைக்கப் பலகை வைத்து, அதன்மேல் ஓகனை வைத்தோம். பிறகு நான் சீலைக்குப் பின்னால் போய்விட்டேன்.

அண்ணா வந்து பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து?" என்றார். அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் பதிலாக வந்தது. இராசையா அண்ணை வந்தார். சில்லையும் மிதிபலகையையும் குனிந்து பார்த்தார். இருந்தார். பாதங்கள் இரண்டும் மிதிபலகையில் தாமாகப் போய் இருந்தன. சில்லு ஒருமுறை சுற்றியது, இரண்டுமுறை சுற்றியது, பிறகுதான் கைகள் கட்டைகளுக்குப் போயின.

அந்தப் பாட்டை அவர்கள் ஒரு தரமும் நிறுத்தாமல் முடித்தார்கள். முடிந்ததும் மேளக்காரர் "இன்னொருக்கா" என்றார். அதையும் முடித்தார்கள். ஸைனுலாப்தீன் நானா தன் சாம்பல் ஸ்டாண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இத நான் ஊட்டுக்குக் கொண்டு போய் உடுப்புக் காய வைக்கிறன்" என்றார். எல்லோரும் வெகுநேரம் சிரித்தார்கள். எனக்குள் இருந்த சந்தோசத்தில் அன்று அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் நாலு பக்கம் எழுதினேன். எழுதியதில் ஒரு வரிகூட இப்போது வாசிக்கப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் என் மெசின் சுவரைப் பார்த்து நிற்கிறது. பதினாலு வயதிலிருந்து நான் அதில் இருக்கிறேன். முன்பக்கமிருந்து எவரும் என் கால்களைப் பார்த்ததில்லை. மெசின் மிதிக்கிற ஒருவர் முன்னால் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிவார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

பரிசளிப்பு விளையாட்டு மைதானத்தில் நடந்தது. பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். சனங்கள் புல்லில் இருந்தார்கள். நானும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் நடுவரிசையில் இருந்தோம். மேடை உயரமாக இருந்ததால் எங்கள் கண்களுக்கு நேரே தெரிந்தது இராசையா அண்ணையின் முகம் அல்ல. மெசினின் இரும்புக் கால்களும், சுற்றுகிற சில்லும், அதை மிதிக்கிற அவருடைய பாதங்களும்தான். பின்னேர வெயில் நேராக அதில் விழுந்துகொண்டிருந்தது.

முதற்பாட்டு பாதிவரைக்கும் நன்றாகப் போனது. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அண்ணை, என்ர காற்சட்டைக்கும் ஒரு தையல் போட்டு விடுங்கோ!"

சிரிப்பு எழும்பியது. இன்னொருவன், "நூல் அறுந்து போச்சு, பாத்து!" என்றான். மூன்றாவது ஆள் வாயால் மெசின் சத்தம் போட்டான். சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாக நான் நினைக்கவில்லை. வேறு யாருடைய கால்களாக இருந்தால் நானும் சிரித்திருப்பேனோ என்னவோ.

இராசையா அண்ணையின் கால்கள் நின்றன. சில்லு தன்பாட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் முழங்கால்களைச் சேர்த்து, பாதங்களைக் கதிரைக்குக் கீழே பின்னால் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒன்பது பாட்டு. ஒன்பதிலும் ஓடினார். அண்ணா கிற்றார்ச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்து மூடிமறைக்கப் பார்த்தார். கழகத் தலைவர் மாலை போட்டபோது இராசையா அண்ணை எழும்பிக் குனிந்து வாங்கிக்கொண்டார். பாதங்கள் கட்டியிருந்த சாரத்துக்குள் தெரியாதபடி நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "உன்னில பிழை இல்லைப் பிள்ளை" என்றா. நான் ஒன்றும் சொல்லாமலே அம்மாவுக்கு விளங்கியிருந்தது. ஆனால் பிழை என்னில்தான். நாலு பேர் பார்க்கும்போது வாய் எப்படி நின்றுபோகும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட நானே அவருடைய கால்களைக் கொண்டுபோய் நானூறு பேருக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் கையில் ஊசியும் நூலும் இருந்தன.

மறுநாள் விடிந்ததும் முன்னறை வாசலில் தொங்கிய நீலச் சீலையைக் கழற்றினேன். மெசினின் கால்கள் இன்னும் மைதானத்தில் இருந்ததால் கையால்தான் தைக்க வேண்டியிருந்தது. மெசின் மேசைக்கு அளவு எடுக்கத் தேவையில்லை. முப்பத்துநாலு அங்குலம் அகலம், பதினேழு ஆழம், இருபத்தொன்பது உயரம். முன்னுக்கும் இரண்டு பக்கத்துக்கும் சீலை, பின்னுக்கு இல்லை. மேல்விளிம்பில் நாடா, மூலைகளில் காற்றுக்குத் தூக்காதபடி மடிப்புக்குள் ஈயக் குண்டுகள். வலைக்குக் கட்டுகிற குண்டுகள் அம்மாவின் பெட்டியில் கிடந்தன.

பத்து மணிக்குக் கைவண்டியில் மெசின் மேசை வந்தது. அண்ணாவும் நானாவும் இறக்கினார்கள். இராசையா அண்ணை வேலிப் படலைக்குள் வந்து, செருப்பைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றார். இரவு டவுனில் தங்கியவர். லோஞ்சுக்குப் போகிற வழியில் வந்திருந்தார். என்னிடம் அவர் எதையும் கேட்காத முதல் நாள் அது. முற்றத்துச் செவ்வரத்தைப் பூச்செடியைக் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைத் துரத்தவில்லை.

"அடுத்தது நிலாவெளி ஹோட்டல்" என்றார் அண்ணா, யாரையும் பாராமல். "அங்க போய்த் தையல் மெசினை வைக்க ஏலாது. மட்டக்களப்புப் பெடியன் செவ்வாய்க்கிழமை வாறன் எண்டு..."

நான் வெளியே வந்தேன். வாசலில் சீலை இல்லாததால் எல்லோரும் நான் வருவதைப் பார்த்தார்கள். மெசின் மேசையைச் சுற்றி நாடாவைக் கட்டினேன். மடிப்புகளைச் சரிசெய்தேன். பிறகு கதிரையை இழுத்து இருந்து மிதித்தேன்.

"அது எங்கட வாசல் சீலையெல்லோ?" என்றார் அண்ணா.

நானா முன்பக்கம் போய்க் குந்தியிருந்து பார்த்தார். "ஒண்டும் தெரியல்ல. மிதிக்கிறாவா இல்லயா?"

"மிதிக்கிறாள்" என்றா அம்மா, குசினி வாசலில் நின்று.

"ஆகா! அப்ப அந்தச் சீலைக்கு அளவா நான் மிதி வெச்சு ஒரு ஸ்டாண்ட் அடிச்சுத் தாறன் தம்பி. புள்ளட மெசினப் புள்ளைட்ட குடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கால் நின்றுவிட்டது. நான் இராசையா அண்ணையைப் பார்க்கவில்லை. சீலையின் மூலை மடிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஆரும் பாக்காட்டித் தானாப் போகும்."

"என்ன சொல்றா?" என்று நானா கேட்டார். ஒரு ஞாயிறு பகல் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும்தான் அது விளங்கும். அண்ணா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர்களுக்கு முன்னால் கதைத்து எத்தனை வருசம் என்று கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு இராசையா அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, வாற ஞாயிறு ரெண்டு மணிக்கு. நிலாவெளிக்கு முதல் ரெண்டு ஒத்திகைதான் இருக்கு. அவனுக்கு வரவேண்டாமெண்டு நான் தந்தி அடிக்கிறன்."

இராசையா அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தைக்கு ஏறினார். குனிந்து நாடா முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று முட்டாதபடி சீலையை நாலாக மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கி, செருப்பை மாட்டி, மானைச் சுற்றிக்கொண்டு, படலையைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினார். எப்போதும் ஏதாவது சொல்லிவிட்டுப் போகிற மனிதர். அன்று, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொண்டுவரவேண்டிய பொருளைப்போலச் சீலையை இறுக்கி அணைத்துக்கொண்டு ஜெற்றிப் பக்கம் நடந்து போனார்.